காரணமே தெரியாம மனசு பாரமா இருக்கா? எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு பாப்போம்

என்னாச்சுன்னு யாராவது கேட்டா ஒண்ணும் இல்லன்னுதான் சொல்வீங்க, நிஜமாவே ஒண்ணும் இருக்காது. வேலை போகல, யார்கூடயும் சண்டை இல்ல, வீட்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க, இஎம்ஐ கூட கரெக்டா போயிட்டிருக்கு. ஆனா சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரமானா தொண்டை அடைக்குது, பஸ்ல ஜன்னலோரம் உக்காந்தா கண்ணுல தண்ணி நிக்குது, பிடிச்ச சாப்பாடு தட்டுல இருந்தும் கை போக மாட்டேங்குது. அப்புறம் அதுக்கு மேல இன்னொரு சுமை வேற, "எனக்கென்ன குறை, நான் ஏன் இப்படி இருக்கேன், கஷ்டப்படுறவங்க எவ்ளோ பேர் இருக்காங்க"ன்னு நம்மள நாமளே திட்டிக்கறது. சோகத்த விட இந்தத் திட்டுதான் பல பேர கீழ அமுக்குது.

நான் டாக்டர் இல்ல. இதுக்குள்ள கொஞ்ச காலம் இருந்துட்டு வெளிய வந்த ஆளு, அப்புறம் வீட்லயும் ஆபிஸ்லயும் நாலு பேர கையப் பிடிச்சு ஓபி வரைக்கும் கூட்டிட்டுப் போயிருக்கேன். அதுனால புதுசா இதுல மாட்டுனவங்களுக்கு எத முதல்ல பண்றது, எத அப்புறம் பண்றதுன்னு ஒரு வரிசை சொல்ல முடியும். வரிசை முக்கியம், ஏன்னா நிறைய பேர் கடைசில பண்ண வேண்டியத, அதாவது காரணத்தக் கண்டுபிடிக்கறத, முதல்ல பண்ணப் போய் அங்கயே மாட்டிக்கறாங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு கேள்வி

"இருந்து என்ன பண்ணப் போறேன்", "தூங்கி எந்திரிக்காமயே போயிட்டா தேவல", "நம்ம இல்லன்னா இவங்க நிம்மதியா இருப்பாங்க" இப்படி ஏதாவது யோசனை வருதா? வந்துச்சுன்னா இந்தக் கட்டுரைய அப்புறம் படிச்சுக்கலாம், இப்பவே ஒரு ஆள்கிட்ட சொல்லுங்க. வாய்விட்டு சொல்ல யாரும் இல்லன்னா 14416க்கு கூப்பிடுங்க, அது டெலி மானஸ், மத்திய அரசு 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். தமிழ்நாட்டுல 104 நம்பரும் இருக்கு. சென்னையில 1986ல இருந்து நடக்கற சிநேகா அமைப்போட நம்பர் 044-24640050. இலங்கையில இருக்கறவங்க 1926. கூப்பிட்டா போலீஸ் வந்துருமோ, வீட்டுக்கு சொல்லிருவாங்களோன்னு பயந்துதான் பல பேர் போனைக் கையில வச்சுக்கிட்டே உக்காந்திருக்காங்க. பேசுறதுக்காக கூப்பிடுறவங்க வீட்டு வாசல்ல போலீஸ் வந்து நிக்கிறதெல்லாம் இல்ல, தைரியமா கூப்பிடலாம். வீட்ல பூச்சிமருந்து, மிச்சம் கிடக்கற மாத்திரை அட்டை எல்லாம் இருந்தா அதை வேற ஒருத்தர் பொறுப்புல கொடுத்து வேற இடத்துல வைக்கச் சொல்லுங்க, அந்த யோசனை உச்சத்துல இருக்கற நேரம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான், அந்த நேரத்துல கைக்கு எட்டாம இருக்கறதே பெரிய காவல்.

அந்த மாதிரி யோசனை இல்ல, வெறுமனே மனசு கனமா இருக்குன்னா மேல படிங்க.

ஸ்டெப் 1: "ஏன்"ங்கற கேள்விய கொஞ்ச நாளைக்கு மூட்டை கட்டி வைங்க

இது கேக்க லூசுத்தனமா இருக்கும், காரணம் தெரிஞ்சாத்தானே சரி பண்ண முடியும்னு தோணும். ஆனா மனசு கீழ கிடக்கறப்போ "நான் ஏன் இப்படி இருக்கேன்"னு கேட்டா அது நேர்மையா பதில் சொல்லாது. பத்து வருஷத்துக்கு முன்னாடி பிளஸ் டூல குறைஞ்ச மார்க்க எடுத்துட்டு வரும், எப்பவோ ஒரு கல்யாண வீட்ல யாரோ சொன்ன ஒரு வார்த்தைய எடுத்துட்டு வரும், எல்லாத்தையும் வரிசையா அடுக்கி "பாரு, இதனாலதான்"னு காட்டும், அதுல எதுவும் நிஜக் காரணமா இருக்கணும்னு அவசியமே இல்ல. சூசன் நோலன் ஹோக்செமான்னு ஒரு அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர் பல வருஷம் இதையே ஆராய்ச்சி பண்ணாங்க, சோகமா இருக்கறப்போ அதையே திரும்பத் திரும்ப அசை போடுறவங்களுக்கு சோகம் இன்னும் நீளுதுன்னும் ஆழமாகுதுன்னும் அவங்க ஆய்வுகள் காட்டிச்சு.

அதுக்குப் பதிலா "எப்போ"ன்னு கேளுங்க. எப்போ வருது, எவ்ளோ நேரம் இருக்கு, எப்போ குறையுது. இந்தக் கேள்விக்கு மனசு கதை கட்ட முடியாது, கடிகாரத்தப் பாத்து பதில் சொல்லிடலாம். அதான் அடுத்த ஸ்டெப்.

ஸ்டெப் 2: ரெண்டு வாரம் ஒரு நோட்டு போடுங்க

அழகான டைரி எல்லாம் வேணாம், அழகா இருந்தா எழுதவே தயங்குவோம். பத்து ரூபாய்க்கு கடைல விக்கற நோட்டுப்புத்தகம், இல்ல போன்ல நோட்ஸ். ஒரு நாளைக்கு மூணு தடவை எழுதணும், காலைல எந்திரிச்சதும், மதியம், படுக்கப் போறப்போ. எழுதறது இவ்ளோதான்: மணி, கனம் எவ்ளோன்னு 0ல இருந்து 10 வரைக்கும் ஒரு நம்பர், அதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தோம்னு அஞ்சாறு வார்த்தை. ராத்திரி எத்தன மணி நேரம் தூக்கம், சாப்பாடு ஒழுங்கா இறங்குச்சா, குடிச்சோமா, பெண்களா இருந்தா பீரியட்ஸ் எத்தனாவது நாள், இதையும் ஓரத்துல குறிச்சுக்கோங்க.

பாக்கறதுக்கு இப்படி இருக்கும்:

செவ்வாய். காலை 5:10, முழிப்பு வந்துருச்சு, 8. மதியம் 2, சாப்பிட்டு வந்தப்புறம், 5. ராத்திரி 9:30, தம்பி கூட போன்ல பேசினேன், 3. தூக்கம் 4 மணி நேரம்.

பத்து பன்னெண்டு நாள் போனதும் பின்னாடி புரட்டிப் பாருங்க, ஏதாவது ஒண்ணு திரும்பத் திரும்ப வந்திருக்கும். என் கூட வேலை பாத்த ஒரு தம்பி நைட் ஷிப்ட், லீவு நாள் வந்தாலே மனசு செத்துப் போகுதுண்ணா, எல்லாரும் லீவுக்கு ஏங்குவாங்க எனக்கு லீவு வந்தாலே அழுகையா வருதுன்னான். நோட்டப் பாத்தா விஷயம் ரொம்ப சிம்பிள், வேலை நாள்ல பகல் முழுக்க தூங்குறவன் லீவுல வீட்டாளுங்க கூட இருக்கணும்னு பகல்ல முழிச்சிருக்கான், அதனால ரெண்டு நாளும் மூணு மணி நேரம் தூக்கம், அதுக்கு மேல சனிக்கிழமை ராத்திரி குடி. ஏன்னு ஆறு மாசம் யோசிச்சவனுக்கு எப்போன்னு பாத்ததும் பாதி பதில் கிடைச்சிருச்சு.

பொதுவா தட்டுப்படுற சில வகை சொல்றேன். ஒவ்வொரு மாசமும் பீரியட்ஸுக்கு முந்தின வாரம் ரொம்ப மோசமாகி, பீரியட்ஸ் ஆரம்பிச்ச சில நாள்ல விட்டுப் போகுதுன்னா அது ஹார்மோன் சம்பந்தப்பட்டதா இருக்கலாம், இதுக்கு ரெண்டு வாரம் பத்தாது, ரெண்டு சுழற்சிக்கு எழுதிட்டு மகப்பேறு டாக்டர்கிட்ட காட்டுங்க, அவங்களும் அதத்தான் கேப்பாங்க. விடியக்காலை மூணு நாலு மணிக்கே முழிப்பு வந்து, காலைல ரொம்ப மோசமா இருந்து, பொழுது சாயச் சாய கொஞ்சம் தேவலையாகுதுன்னா அதைக் கட்டாயம் டாக்டர்கிட்ட சொல்லணும், டிப்ரஷன்ல ஒரு வகைக்கு அது முக்கியமான அடையாளம். குடிச்ச மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும் மட்டும் நம்பர் ஏறுதுன்னா பதில் பாட்டில்ல இருக்கு. அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை வர்றது ஒண்ணு இருக்கு, அப்பாவோ அம்மாவோ தவறின மாசம் நெருங்குனா தேதி ஞாபகம் இல்லாமயே மனசு கலங்க ஆரம்பிச்சிடும், திதி கொடுக்கப் போறப்போதான் "ஓ இதுவா"ன்னு புரியும். இது நோய் இல்ல, துக்கம், அதுக்கு இடம் கொடுங்க.

எந்த ஒழுங்கும் தெரியலையா, எல்லா நேரமும் ஒரே நம்பரா? அதுவும் ஒரு தகவல்தான், நோட்டத் தூக்கிப் போட்டுடாதீங்க.

ஸ்டெப் 3: ரத்தம் கொடுத்துட்டு வாங்க

மனசுன்னு நினைச்சுட்டு இருக்கறது சில நேரம் கழுத்துல இருக்கற தைராய்டா இருக்கும். எங்க பெரியம்மா பொண்ணு, ரொம்ப கலகலப்பான ஆளு, ஒரு கட்டத்துல எதுலயும் ஒட்டாம மூலைல உக்காந்துட்டா, மாமியார் வீட்ல "திமிரு"ன்னாங்க, எங்க வீட்ல "கண்ணு பட்டுருச்சு"ன்னு மிளகாய் சுத்திப் போட்டாங்க. அவ கிட்ட கேட்டா காரணம் தெரியலண்ணா, அழுகையா வருதுன்னு மட்டும் சொல்வா. முடி கொத்துக் கொத்தா கொட்டுது, சாப்பாடு கம்மி ஆனா வெயிட் ஏறுது, மலச்சிக்கல், சித்திரை வெயில்ல கூட ஃபேன் வேணாங்குறா, இத எல்லாம் தனித்தனியா பாத்தோமே தவிர யாரும் ஒண்ணா சேத்துப் பாக்கல. கடைசில பக்கத்துத் தெரு டாக்டர் கையையும் முகத்தையும் பாத்த உடனே டிஎஸ்ஹெச்ங்கற தைராய்டு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார், எக்கச்சக்கமா ஏறிக் கிடந்துச்சு. காலைல வெறும் வயித்துல ஒரு சின்ன மாத்திரை, சில மாசத்துல பழைய ஆளா திரும்பிட்டா.

எல்லாருக்கும் இப்படி ஆகும்னு சொல்லல. ஆனா சுலபமா பாத்து முடிச்சுடற விஷயத்த முதல்லயே பாத்துடலாமேன்னுதான். குடும்ப டாக்டர்கிட்ட போய் "ரெண்டு வாரமா மனசு சரியில்ல, சோர்வா இருக்கு"ன்னு சொன்னீங்கன்னா அவங்களே எழுதுவாங்க: ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சுகர், தேவைப்பட்டா விட்டமின் டி. ரத்தசோகை நம்ம ஊர்ப் பொண்ணுங்ககிட்ட ரொம்ப சகஜம், அதுவே ஆள அடிச்சுப் போட்டுடும். சுத்த சைவம் சாப்பிடறவங்களுக்கும், சுகருக்கு மெட்ஃபார்மின் ரொம்ப வருஷமா எடுக்கறவங்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். ஒரு எச்சரிக்கை, விட்டமின் டி நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு எடுத்தாலே கம்மியாத்தான் வரும், அதனால ரிப்போர்ட்ல அது கம்மின்னு வந்த உடனே "கண்டுபிடிச்சாச்சு"ன்னு மத்ததெல்லாம் விட்டுடாதீங்க.

ஏதாவது மாத்திரை புதுசா ஆரம்பிச்ச பிறகுதான் இது வந்துச்சான்னும் யோசிங்க. ஸ்டீராய்டு, முகப்பருவுக்கு கொடுக்கற ஐசோட்ரெடினாயின், வலிப்புக்கு கொடுக்கற லெவடிராசெட்டம், சில பேருக்கு கருத்தடை மாத்திரை, இதெல்லாம் மனச பாதிக்கலாம். நீங்களா நிறுத்திடாதீங்க, முக்கியமா வலிப்பு மாத்திரையும் ஸ்டீராய்டும் திடீர்னு நிறுத்தினா ஆபத்து. எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட போய் சொல்லுங்க.

பிரசவம் ஆனவங்களுக்கு தனியா ஒரு வரி: குழந்தை பொறந்து மூணாவது நாலாவது நாள்ல காரணம் இல்லாம அழுகை வர்றது நிறைய பேருக்கு நடக்கும், ரெண்டு வாரத்துக்குள்ள அடங்கிடும். ரெண்டு வாரம் தாண்டியும் இருந்தா அது "பச்ச உடம்புக்காரி அப்படித்தான்" இல்ல, டாக்டர் பாக்க வேண்டிய விஷயம்.

ஸ்டெப் 4: தூக்கமும் வெளிச்சமும்

இதுல ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஒண்ணே ஒண்ண மட்டும் பிடிச்சுக்கோங்க. படுக்கற நேரத்தோட மல்லுக்கட்டாதீங்க, எந்திரிக்கற நேரத்த மட்டும் ஒரே மாதிரி வைங்க, ராத்திரி தூங்கலன்னாலும் அதே மணிக்கு எந்திரிச்சு மொட்டை மாடியோ வாசலோ போய் கொஞ்ச நேரம் வெளிச்சத்துல நில்லுங்க. காபி டீ மதியத்தோட நிறுத்துங்க, அஞ்சு மணிக்கு குடிச்ச காபில கிட்டத்தட்ட பாதி பத்து மணிக்கும் உடம்புல இருக்கும்.

டொராண்டோ, ஆஸ்லோ, லண்டன்னு இருக்கற நம்ம ஆளுங்க கவனிங்க, ஒவ்வொரு வருஷமும் நவம்பர் வந்தா டல்லாகி ஏப்ரல் வந்தா சரியாகுதுன்னா அது குளிர்கால டிப்ரஷனா இருக்கலாம், இத 1984லயே டாக்டருங்க தனியா அடையாளம் கண்டு எழுதிட்டாங்க. அதுக்குன்னே 10,000 லக்ஸ் வெளிச்சம் கொடுக்கற விளக்கு விக்குது, காலைல அரை மணி நேரம் அது முன்னாடி உக்காரணும். கண்ணுல கோளாறு இருக்கறவங்க, பைபோலார் (மனசு அளவுக்கு மீறி ஏறி, அப்புறம் இறங்குற நோய்) இருக்கறவங்க டாக்டர கேக்காம வாங்காதீங்க.

ஸ்டெப் 5: மனசு வரட்டும்னு காத்திருக்காதீங்க

எனக்குத் தெரிஞ்சு இருக்கறதுலயே வேலை செய்யற ஸ்டெப் இதான், ஆனா ஆரம்பிக்கறப்போ ரொம்ப எரிச்சலா இருக்கும். நம்ம கணக்கு என்ன, மூட் சரியான பிறகு வெளிய போலாம், நண்பன் கிட்ட பேசலாம், ரூம சுத்தம் பண்ணலாம். மனசு சரியில்லாததால எதையும் செய்யறதில்ல, எதையும் செய்யாததால நல்லது எதுவும் நடக்கறதில்ல, அதனால மனசு இன்னும் இறங்குது. இந்த வட்டத்த மனசு பக்கத்துல இருந்து உடைக்க முடியாது, வேலை பக்கத்துல இருந்துதான் உடைக்கணும். பேட்டரி டவுனான வண்டிய தள்ளி ஸ்டார்ட் பண்ற மாதிரிதான். உளவியல்ல இதுக்கு பிஹேவியரல் ஆக்டிவேஷன்னு பேரு, டிப்ரஷனுக்கு கொடுக்கற நல்ல சிகிச்சைகள்ல ஒண்ணு, சும்மா மோட்டிவேஷன் பேச்சு இல்ல.

எப்படி பண்றதுன்னா, முதல் நாள் ராத்திரியே மறுநாளுக்கு ரெண்டு வேலை எழுதி வைங்க. ஒண்ணு முடிச்சா "அப்பாடா"ன்னு இருக்கற வேலை, இன்னொண்ணு முன்னாடி எப்பவோ பிடிச்சிருந்த வேலை. ரெண்டுமே பத்து நிமிஷத்துக்குள்ள முடியணும். வாழ்க்கைய மாத்தறேன்னு காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு ஓட ஆரம்பிக்கறவங்க மூணாவது நாள் படுத்துடுவாங்க, படுத்துட்டு அதுக்கும் சேத்து தன்னையே திட்டிப்பாங்க. மாடில காயற துணிய எடுத்து மடிக்கறது, ஒரு கட்டு கீரைய ஆயறது, வண்டிய தொடைக்கறது, பாத்ரூம் பக்கெட்ட தேச்சு வைக்கறது, தெரு முனை டீக்கடை வரைக்கும் நடந்து போய் டீ குடிச்சுட்டு வர்றது, ரொம்ப நாளா பேசாத பிரண்டுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்பறது, செடிக்கு தண்ணி ஊத்தறது. எத்தன மணிக்குன்னும் எழுதுங்க, "நாளைக்கு பாப்போம்"னு எழுதினா நாளைக்கும் பாக்க மாட்டோம்.

அந்த மணி வந்ததும் மனசு கிட்ட அனுமதி கேக்காதீங்க. "செய்யணும் போல இல்லையே"ன்னு அது சொல்லும், சொல்லிட்டுப் போகட்டும், கால் எந்திரிச்சா போதும். செய்யறதுக்கு முன்னாடி ஒரு நம்பர், செஞ்சப்புறம் ஒரு நம்பர் நோட்டுல போடுங்க. சந்தோஷம் பொங்கி வரும்னு எதிர்பாக்காதீங்க, 8 இருந்தது 7 ஆச்சுன்னா அதுவே வெற்றி, 8 அப்படியே 8ஆ இருந்தாலும் பரவால்ல, அடுத்த நாள் வேற வேலைய போட்டுப் பாருங்க. ஒரு வாரத்துல எந்த வேலை உங்களுக்கு நம்பர குறைக்குதுன்னு உங்களுக்கே தெரிஞ்சுடும், சில பேருக்கு நடை, சில பேருக்கு சமையல், ஒருத்தருக்கு பழைய சைக்கிள கழட்டி மாட்டறதுதான் ஒத்து வந்துச்சு.

படுத்துக்கிட்டு ரீல்ஸ் தள்ளறத ரெஸ்ட்டுன்னு கணக்குல சேக்காதீங்க. அதுக்கும் முன்னாடி பின்னாடி நம்பர் போட்டுப் பாருங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், நோட்டே சொல்லும்.

ஸ்டெப் 6: ஒருத்தர்கிட்ட சொல்றது

எல்லார்கிட்டயும் வேணாம், ஒருத்தர் போதும். ரொம்ப நெருக்கமானவங்களாத்தான் இருக்கணும்னும் இல்ல, சில நேரம் நெருக்கமானவங்க பதறிடுவாங்க. அட்வைஸ் கம்மியா பண்ற ஆளா பாத்து பிடிங்க.

சொல்றதுல ஒரு சிக்கல் இருக்கு, "மனசு சரியில்ல"ன்னா அடுத்த கேள்வி "என்ன பிரச்சனை"ன்னு வரும், நம்மகிட்ட பதில் இருக்காது, ஏதோ மறைக்கறோம்னு நினைப்பாங்க. அதனால முதல்லயே சொல்லிடுங்க: "ரெண்டு வாரமா காரணமே இல்லாம மனசு கனமா இருக்கு. எதையும் மறைக்கல, எனக்கே தெரியல. நீ தீர்வு சொல்ல வேணாம், கொஞ்ச நேரம் கூட இரு." இவ்ளோ போதும். வீட்ல அம்மாகிட்ட சொல்றதா இருந்தா மனசுல இருந்து ஆரம்பிக்காம உடம்புல இருந்து ஆரம்பிங்க: "அம்மா, சரியா தூக்கம் வரல, சாப்பாடு இறங்கல, எதுக்கெடுத்தாலும் அழுகையா வருது, டாக்டர பாக்கலாம்னு இருக்கேன், நீயும் கூட வா." தூக்கமும் சாப்பாடும் போச்சுன்னு சொன்னா எந்த அம்மாவுக்கும் உடனே புரியும்.

"உனக்கென்ன குறை", "சும்மா இருக்கறதாலதான் இதெல்லாம்", "ஒரு கல்யாணம் பண்ணா சரியாயிடும்" இந்த மூணுல ஒண்ணாவது காதுல விழும். வாதாடாதீங்க, அந்த நேரத்துல அதுக்கெல்லாம் தெம்பு இருக்காது, "சரி, அது ஒரு பக்கம் இருக்கட்டும், டாக்டர பாத்துட்டு வந்துடறேன்"னு நகர்ந்துடுங்க. கல்யாணம் பண்ணி சரி பண்றதுங்கறது மட்டும் எனக்கு சுத்தமா ஆகாத யோசனை, ஒருத்தர் படற கஷ்டத்த ரெண்டு பேர் தலைல கட்டறது.

கோயிலுக்குப் போறது, தர்காவுல மந்திரிச்சுக்கறது, சர்ச்சுல ஜெபம் பண்ணிக்கறது, இதுல எது உங்களுக்கு கொஞ்சம் ஆறுதல் கொடுக்குதோ தாராளமா பண்ணுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறத மட்டும் அதுக்காகத் தள்ளிப் போடாதீங்க. மாத்திரைய நிறுத்தச் சொல்றவங்க, பெரிய தொகை கேக்கறவங்க, கட்டி வைக்கணும்ங்கறவங்க, இவங்க இருக்கற பக்கமே போகாதீங்க.

ஸ்டெப் 7: ரெண்டு வாரக் கணக்கு

பெரும்பாலான நாள், நாள்ல பெரும்பாலான நேரம், மனசு இறங்கி இருக்கறதோ எதுலயும் நாட்டம் இல்லாம இருக்கறதோ ரெண்டு வாரத்துக்கு மேல போச்சுன்னா, கூடவே தூக்கம், பசி, தெம்பு, கவனம் இதெல்லாமும் அடிவாங்குதுன்னா, டிப்ரஷனா இருக்குமான்னு பாக்க வேண்டிய நேரம். பெரிய காரணம் இருந்தாத்தான் டிப்ரஷன் வரும்னு எந்த விதியும் இல்ல. பிஹெச்க்யூ-9னு ஒரு கேள்வித்தாள் இருக்கு, 2001ல வந்தது, ஒன்பது கேள்வி, கடந்த ரெண்டு வாரத்துல இது எத்தன நாள் இருந்துச்சுன்னு ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 வரைக்கும் போடணும், மொத்தம் 27. தமிழ்லயும் கிடைக்கும். 5க்கு கீழன்னா பெருசா ஒண்ணும் இல்ல, 5ல இருந்து 9 லேசு, 10ஓ அதுக்கு மேலயோ வந்தா டாக்டர பாக்கணும், 20ஓ அதுக்கு மேலயோன்னா தள்ளிப் போடவே கூடாது. ஒன்பதாவது கேள்வி சாவு பத்தின யோசனை, அதுல 0 இல்லாம வேற எது போட்டாலும் மொத்த மார்க்க பாக்காதீங்க, நேரா யார்கிட்டயாவது பேசுங்க. இது நோய கண்டுபிடிக்கற டெஸ்ட் இல்ல, டாக்டர்கிட்ட போகலாமா வேணாமான்னு ஊசலாடறவங்களுக்கு ஒரு துணை, அவ்ளோதான்.

ரெண்டு வாரம் ஆகணும்னு காத்திருக்கவும் வேணாம். வேலைக்கோ காலேஜுக்கோ போக முடியல, குளிக்கவே முடியலன்னா இன்னிக்கே போலாம்.

ஸ்டெப் 8: டாக்டர்கிட்ட போறப்போ என்ன நடக்கும்

இந்த பயம்தான் எல்லாருக்கும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் மனநலப் பிரிவு இருக்கு, மாவட்ட தலைமை ஆஸ்பத்திரியிலயும் மாவட்ட மனநலத் திட்டத்துல டாக்டர் இருப்பாங்க. சென்னையில கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி 1794ல இருந்து ஓடிட்டிருக்கு, பேர கேட்டாலே சிரிக்கறவங்க இருக்காங்க, ஆனா அங்க ஓபில வரிசைல நிக்கறவங்கள ஒரு நாள் பாத்தீங்கன்னா தெரியும், ஐடி கார்டு மாட்டினவங்க, காலேஜ் பசங்க, பேரன் கையப் பிடிச்சுட்டு வந்த பாட்டின்னு நம்ம தெரு ஆளுங்கதான். அரசு ஆஸ்பத்திரின்னா காலைலயே போயிடணும், ஓபி சீட்டு போடற இடத்துல "மனநலம்"னு சொன்னா ரூம் நம்பர் சொல்வாங்க. கூட்டமா இருக்கும், கையில தண்ணி பாட்டிலும் பொறுமையும் வேணும்.

உள்ள போனா சோபால படுக்க வச்சு சின்ன வயசக் கேக்கறதெல்லாம் சினிமா. எப்ப இருந்து இருக்கு, தூக்கம் எப்படி, பசி எப்படி, வீட்ல யாருக்காவது இப்படி இருந்திருக்கா, குடி சிகரெட் உண்டா, வேற மாத்திரை எடுக்கறீங்களா, சாகணும்னு தோணியிருக்கா, இதான் கேப்பாங்க. நேரம் கம்மியாத்தான் கிடைக்கும், அதனால நோட்ட நீட்டுங்க, ரத்த ரிப்போர்ட்ட நீட்டுங்க, அங்க உக்காந்து ஞாபகப்படுத்திட்டு இருக்க வேணாம். ஒரு விஷயத்த மறக்காம நீங்களே சொல்லுங்க: எப்பவாவது இதுக்கு நேரெதிரா, தூக்கமே இல்லாம நாள் கணக்கா செம எனர்ஜியா, படபடன்னு பேசி, தாறுமாறா செலவு பண்ணி இருந்திருக்கீங்களான்னு. அப்படி இருந்திருந்தா மருந்தே வேற, சொல்லாம விட்டா டிப்ரஷன் மாத்திரை மட்டும் கொடுத்து அது இன்னொரு பக்கம் தூக்கி விட்டுடும்.

மாத்திரை எழுதறவங்க சைக்கியாட்ரிஸ்ட், எம்பிபிஎஸ் முடிச்சு மனநலம் படிச்சவங்க. பேசி சிகிச்சை கொடுக்கறவங்க கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கான்னு கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல, "லைஃப் கோச்"னு போர்டு வச்சவங்க எல்லாம் இதுல வர மாட்டாங்க. லேசா இருந்தா பேச்சே போதும்னு சொல்லலாம், கொஞ்சம் தீவிரமா இருந்தா மாத்திரையும் சேத்து. முதல் கவுன்சிலிங் பெரும்பாலும் சொதப்பலா, கூச்சமாத்தான் இருக்கும், மூணு நாலு தடவை போயும் ஒட்டலன்னா ஆள மாத்துங்க.

டிப்ரஷன் மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி அன்னிக்கே வேலை செய்யாது, ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், சில பேருக்கு ஆறு வாரம். முதல் வாரம் குமட்டல், தலை பாரம், தூக்கம் முன்ன பின்ன ஆகறது வரலாம், நிறைய பேர் இங்கதான் "ஒத்துக்கல"ன்னு விட்டுடறாங்க, விடாம டாக்டருக்கு போன் பண்ணி கேளுங்க. முக்கியமா 25 வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு முதல் சில வாரத்துல படபடப்போ தப்பான யோசனையோ அதிகமான மாதிரி இருந்தா அன்னிக்கே கூப்பிட்டு சொல்லணும், வீட்ல இருக்கறவங்களும் கண்ணு வைக்கணும். அடிமையாகிடுவோமோன்னு பயப்படறாங்க, அந்த பயம் பதட்டத்துக்கு கொடுக்கற அல்பிரசோலம் மாதிரி மாத்திரைகளுக்குத்தான் பொருந்தும், அத டாக்டர் சொன்ன நாளுக்கு மேல ஒரு நாள் கூட நீட்டாதீங்க, பக்கத்து வீட்டு ஆன்ட்டி கொடுத்தாங்கன்னும் போடாதீங்க. டிப்ரஷன் மாத்திரைய திடீர்னு நிறுத்தினா தலை சுத்தல், எரிச்சல் வரும், அதனால குறைச்சுக் குறைச்சுத்தான் நிறுத்தணும், அதுவும் நல்லான பிறகு வழக்கமா ஆறு மாசமாவது தொடர்ந்துட்டு, டாக்டர் சொல்லித்தான்.

ஆபிஸுக்கு தெரிஞ்சுடுமோன்னு கேப்பீங்க. 2017 மனநல பராமரிப்புச் சட்டப்படி உங்க சிகிச்சை விவரத்த ரகசியமா வச்சுக்கற உரிமை உங்களுக்கு இருக்கு, ஆஸ்பத்திரி சும்மா யார்கிட்டயும் கொடுக்க முடியாது. அதே சட்டம் மத்த நோய்க்கு இருக்கற மாதிரியே மனநலத்துக்கும் இன்சூரன்ஸ் கொடுக்கணும்னு சொல்லுது, பாலிசி பேப்பர ஒரு தடவை எடுத்துப் படிச்சு வைங்க.

திரும்ப வந்தா

வரலாம், டிப்ரஷன் ஒரு தடவை வந்துட்டுப் போனவங்களுக்கு மறுபடி வர வாய்ப்பு இருக்கு. முழுசா வந்து உக்கார்றதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தருக்கும் ஒரு முன்னறிவிப்பு இருக்கும், ஒருத்தருக்கு விடியக்காலை முழிப்பு, ஒருத்தருக்கு போன் எடுக்கப் பிடிக்காம போறது, ஒருத்தருக்கு குளிக்கறத தள்ளிப் போடறது. பழைய நோட்டுல முதல் பக்கங்கள்ல பாத்தா உங்களோடது எதுன்னு இருக்கும், அத உங்க கூட இருக்கற அந்த ஒருத்தர்கிட்டயும் சொல்லி வைங்க, நம்மள விட அவங்க கண்ணுக்கு முதல்ல தட்டுப்படும். அந்த அறிகுறி தெரிஞ்சதும் நோட்ட மறுபடி எடுங்க, ராத்திரியே ரெண்டு வேலை எழுதற பழக்கத்த மறுபடி ஆரம்பிங்க, நம்பர் ஒரு வாரமா இறங்காம நின்னா ரெண்டு வாரம் முடியட்டும்னு பாக்காம பழைய ஓபி சீட்டையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கிட்டு அதே டாக்டர்கிட்ட போயிடுங்க.